வட ஆற்காட்டில் அடிமையாக இருந்த ஆயாவைத் தேடுவது: முழுமையான வழிகாட்டி

அவளுடைய பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். என் ஆயாவின் ஆயா பெயர் குப்பம்மாள். ஊர் ஆரணிக்கு அந்தப் பக்கம். ‘பெரிய வீட்டில் இருந்தவள்’. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எட்டு மாதம் கழித்து என் நோட்டில் இருபதுக்கும் மேற்பட்ட குப்பம்மாள்கள் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் எவள் எங்கள் வீட்டுக்காரி என்று சொல்ல ஒரு சான்றும் இல்லை.

முந்திப் பிறந்தவை தங்காமல் போனால் அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து அந்தப் பெயரை வைப்பார்கள். பஞ்சமும் பேதியும் மாறி மாறி வந்த காலத்தில் தெருவுக்கு இரண்டு குப்பம்மாள் இருந்ததில் வியப்பில்லை.

பிறகு என்னிடம் வழி கேட்டு வந்தவர்கள் எல்லாரும் இதே இடத்தில்தான் தடுக்கினார்கள். அடிமையாகவோ படியாளாகவோ (தானியக் கூலிக்குப் பெரிய வீட்டோடு கட்டுப்பட்ட ஆளாகவோ) இருந்த பெண் தன் பெயரால் பதிவாகவில்லை. ஒரு வீட்டின் உடைமையாக, ஒரு கடனுக்கு ஈடாக, ஒருவனின் மனைவியாக, கப்பலில் ஓர் எண்ணாகப் பதிவானாள். ஆகவே தேடும் வரிசை இது: முதலில் காலம், அடுத்து ஊர், அதன் பின் அவள் உழைத்த வீடு. பெயர் கடைசி.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பழைய கையெழுத்தைப் படிக்கும் பழக்கம் முதல் தேவை. ஓலையிலும் பழைய கணக்கிலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே தெரியும். குப்பம்மாள் அங்கே ‘குபபமமாள’ என்றுதான் கிடப்பாள். தெரிந்த ஒரு பத்திரத்தை வைத்து ஒரு வாரம் பழகினால் கண் பிடித்துக்கொள்ளும்.

தமிழ் எண்களையும் கணக்குக் குறிகளையும் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். இவற்றைவிட முக்கியமானவை ௶ பற்று, ௷ வரவு. படியாள் குடும்பம் பெரிய வீட்டுக் கணக்கில் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் பற்றுப் பக்கத்தில்தான். ‘மேற்படி’க் குறியைக் கவனிக்காமல் விட்டால், முந்தைய வரியில் இருக்கும் ஊர்ப்பெயர் இந்த வரிக்கும் உரியது என்பதே தெரியாமல் போகும்.

நிலவரிக் கணக்கு பசலி ஆண்டில் இருக்கும். அதைப் பொது ஆண்டாக்க 590 கூட்டுங்கள். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. அறுபது வருஷப் பட்டியலும் வேண்டும். ஒரே பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்: தாது 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது. எந்தச் சுற்று என்று உறுதி செய்யாமல் எழுதிவிட்டால் ஒரு பெண் தன் பேத்தியின் வயதுக்கு வந்துவிடுவாள். இப்படி ஒரு குடும்ப மரத்தை நான் பார்த்திருக்கிறேன்.

2. வீட்டுப் பேச்சை முதலில் எடுத்து எழுதுங்கள்

காகிதம் நூறு ஆண்டாகக் காத்திருக்கிறது, இன்னும் காத்திருக்கும். தொண்ணூறு வயது அத்தை காத்திருக்க மாட்டார். எல்லாவற்றுக்கும் முன்பு இதைச் செய்யச் சொல்வது அதனால்தான்.

வீட்டில் மூத்த பெண்களிடம் கேளுங்கள். ஆண்கள் நிலம், வழக்கு, பங்காளிச் சண்டை சொல்வார்கள். யார் எந்த வீட்டில் சாணி அள்ளினாள், யாருக்கு எங்கே பிரசவம் ஆனது, யார் யாருக்குப் பால் கொடுத்தாள் என்பதெல்லாம் பெண்களிடம்தான் இருக்கிறது.

‘அடிமை’ என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள். எடுத்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நான் ஒருமுறை கேட்டுவிட்டு, “நாங்கள் யாருக்கும் அடிமை இல்லை, நீ எழுந்து போ” என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். அந்தப் பெரியம்மா மறுபடி வாய் திறக்க ஒன்றரை வருஷம் ஆனது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

குடும்பப் பேச்சில் அடிமைத்தனம் வேறு சொற்களில் ஒளிந்திருக்கும். ‘பெரிய வீட்டில் வளர்ந்தவள்’, ‘வீட்டோடு இருந்தாள்’, ‘எடுத்து வளர்த்தார்கள்’, ‘அரண்மனையில் வேலை’, ‘அம்மாவோடு சீதனமாக வந்தவள்’. இந்தக் கடைசித் தொடர் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மணப்பெண்ணோடு புகுந்த வீட்டுக்கு அனுப்பப்பட்ட பணிப்பெண்ணைக் குறிக்கும் பேச்சு அது. அப்படியானால் அவள் பிறந்த ஊர் வேறு. எஜமானியின் தாய்வீட்டு ஊரில் தேட வேண்டும். புகுந்த ஊரிலேயே தோண்டிக்கொண்டிருந்து நான்கு வருஷம் வீணாக்கிய ஒருவரை எனக்குத் தெரியும்.

‘படியாள்’, ‘பண்ணையாள்’ என்ற சொற்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். படியாள் தானியம் அளந்து வாங்கியவர். எத்தனை மரக்கால், கேழ்வரகா நெல்லா, எந்தக் களத்தில் அளந்தார்கள் என்று கேளுங்கள். தானியக் கேள்விக்கு வெட்கப்படாமல் பதில் சொல்வார்கள். களத்தின் பெயர் தெரிந்தால் அந்த நிலம் யாருடையது என்று பின்னால் கண்டுபிடிக்கலாம். என் தேடலில் பூட்டைத் திறந்ததே ஒரு களத்துமேட்டின் பெயர்தான்.

பெயரிடும் வழக்கத்தையும் பயன்படுத்துங்கள். தாத்தா பெயரைத் தாங்குவதால் அவன் பெயரன், பாட்டி பெயரைத் தாங்குவதால் அவள் பெயர்த்தி. உங்கள் ஆயாவின் பெயர் எல்லம்மாள் என்றால், இரண்டு தலைமுறைக்கு முன்னும் ஓர் எல்லம்மாள் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இது குறிப்பு மட்டுமே, சான்று அல்ல. பென்சிலால் எழுதுங்கள்.

3. காலத்தைக் கட்டுங்கள்

பெண் வழியில் தலைமுறைக்கு இருபது முதல் இருபத்திரண்டு ஆண்டு என்று வைத்துப் பின்னோக்கிப் போங்கள். ஆண் வழிக்கு வைக்கும் முப்பதை இங்கே வைத்தால், நான்கு தலைமுறையில் நாற்பது ஆண்டு தவறிப் போய்விடும்.

பிறகு ஊர் நினைவுகளால் இறுக்குங்கள். எங்கள் பக்கத்தில் மூன்று ஆணிகள் உறுதியானவை. சென்னையிலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்தது 1856. தாது வருஷப் பஞ்சம் 1876–78. வாணியம்பாடியைப் பாலாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது 1903 நவம்பர். ‘பஞ்சத்தில் கைக்குழந்தை’, ‘வெள்ளத்தின்போது பேறுகாலம்’ என்ற ஒரு வரி போதும், பத்து ஆண்டுக் குழப்பம் தீர்ந்துவிடும்.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம்? காகிதத்தில் எந்தச் சொல் இருக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்துக்கு முன், அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்றது. ஆகவே ஆளை விற்றதும் அடகு வைத்ததும் வெளிப்படையாகவே எழுதப்பட்டன. அந்தச் சட்டத்துக்குப் பின் நீதிமன்றங்கள் அந்த உரிமையை அமலாக்கக் கூடாது என்றானது. 1862 ஜனவரி 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றமாயின.

அதன் பிறகு எந்த எஜமானும் ‘அடிமை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடமாட்டான். ‘கடன்’ என்பான், ‘முன்பணம்’ என்பான், ‘படியாள்’ என்பான். 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போகும் கூலியாளை நீதிபதி முன் நிறுத்த வழி செய்திருந்தது. கடன் என்ற சொல்லின் பலம் அப்படி. 1870களின் ஆவணக் கட்டுகளில் ‘அடிமை’ என்ற சொல்லைத் தேடி, கிடைக்காததால் ‘எங்கள் ஊரில் அதெல்லாம் இல்லை’ என்று முடிவு கட்டுவது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் என் குப்பம்மாள் 1870ஐ ஒட்டிப் பிறந்தவள் என்று தெரிந்தது. சட்டப்படி அவள் அடிமையே அல்ல. அவளுடைய அம்மாவின் அம்மா 1843க்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். சட்டம் அடிமை என்று ஏற்றது அவளைத்தான். நான் எட்டு மாதம் தவறான பெண்ணைத் தவறான கட்டில் தேடியிருக்கிறேன்.

4. ஊரை நிலைநிறுத்துங்கள்

இன்றைய மாவட்டப் பெயரை வைத்துப் பழைய பட்டியலில் தேடினால் ஊரே கிடைக்காது. 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகர் சித்தூர். ஆட்சியரின் கடிதங்களில் சித்தூர் என்று இருப்பதைப் பார்த்து ‘இது ஆந்திரா சமாசாரம்’ என்று கட்டை மூடி வைத்தவர்கள் உண்டு. 1911 ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமானது; வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகரானது. சித்தூர், பலமநேர், சந்திரகிரி, புங்கனூர், காளஹஸ்தி போன்றவை அந்தப் பக்கம் போயின. திருப்பத்தூர் சேலத்திலிருந்தும் திருவண்ணாமலை தென்னாற்காட்டிலிருந்தும் இந்தப் பக்கம் வந்தன.

ஆகவே ஆயா வாணியம்பாடிக்காரி என்றால், 1911க்கு முந்தைய காகிதங்களைச் சேலம் மாவட்டக் கட்டுகளில் கேளுங்கள். திருத்தணிப் பக்கம் என்றால் வட ஆற்காடு, சித்தூர், 1960க்குப் பின் செங்கல்பட்டு என்று மூன்று இடம் அலைய வேண்டும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் வேலூர் மூன்றானது. ஒவ்வொரு பிரிவினையிலும் கட்டுகள் வண்டி ஏறின. எல்லாம் ஒழுங்காக இறங்கின என்று நம்ப வேண்டாம்.

அடுத்த கேள்வி: அந்த ஊர் அரசே நேரடியாக வரி வாங்கிய சர்க்கார் ஊரா, வரி வாங்கும் உரிமை தனிக் குடும்பத்திடம் இருந்த ஜமீன் அல்லது ஜாகீர் ஊரா? சர்க்கார் ஊரென்றால் வருவாய்த் துறைக் கணக்கு இருக்கும். ஆரணி ஜாகீர், கார்வேட்டிநகர், காளஹஸ்தி போன்றவற்றில் ஊர்க்கணக்கு ஜாகீர்தார் அல்லது ஜமீன்தாரின் கச்சேரியில் இருந்தது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்த ஊர்களுக்கு ரயத்துவாரி முறை (நிலம் வைத்திருப்பவரிடம் அரசே நேரடியாக வரி வாங்குவது) வந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தாலுகா அலுவலகத்தில் நூறாண்டு அடங்கல் (சாகுபடிக் கணக்கு) கேட்டு நின்றால் அங்கிருப்பவர்கள் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள். பழியும் அவர்கள் மீது விழும், பாவம்.

ஊர்ப்பெயரை மட்டும் எழுதி விடாதீர்கள். கொளத்தூர், புதூர், மேட்டுக்குடிசை எல்லாம் தாலுகாவுக்கு நான்கு. பக்கத்து ஏரி, பக்கத்து மலை, நடந்து போகும் சந்தை, குலதெய்வம் இருக்கும் இடம் இந்த நான்கையும் சேர்த்துக் குறித்தால்தான் ஊர் ஊராகும்.

5. வீட்டைக் கண்டுபிடியுங்கள்

நேரத்தில் பாதியை இந்தப் படிக்கே ஒதுக்குங்கள். அவளை வைத்திருந்த குடும்பம் எது என்று தெரிந்துவிட்டால், அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தின் காகிதங்களே அவளைக் காட்டும். அவளுக்குப் பத்திரம் இல்லை, அவர்களுக்கு உண்டு.

களத்தின் பெயர், கிணற்றின் பெயர், ஏரிக்கால் பெயர் எதுவானாலும் அதைக் கொண்டு சர்வே எண்ணுக்கு வாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருப்பது பெரும்பாலும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தைய ‘அ’ பதிவேடு, அதாவது ஊரின் நிலப் பட்டியல். உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தைய, நிலவரியை நிர்ணயித்த செட்டில்மெண்ட் பதிவேடு. பழைய எண், புதிய எண் ஒப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள். இந்த ஒப்பீட்டைத் தவறவிட்டவர்கள் பக்கத்து வயல்காரரின் வம்சத்தை ஆராய்ந்துகொண்டிருப்பார்கள்.

பிறகு சார்பதிவாளர் அலுவலகம். பத்திரப் பதிவு 1865இல் தொடங்கியது. இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று அண்மைக் காலத்துக்குத்தான் உதவும். பழைய ஆண்டுகளுக்குக் கையால் தேடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். 1ஆம் புத்தகம் அசையாச் சொத்துக்கானது. அதன் இரண்டாம் அட்டவணை ஊரும் சொத்தும் வாரியாக இருக்கும் என்பதால் ஆள் பெயர் தெரியாமலும் தேடலாம். பாகப்பிரிவினைப் பத்திரங்களை விடாதீர்கள். பெரிய வீடு அண்ணன் தம்பிக்குள் பிரிந்தபோது எந்தக் களம் யாருக்குப் போனது என்று அதில் தெரியும். படியாள் குடும்பமும் களத்தோடு அந்தப் பங்குக்கே போயிருக்கும்.

கடன் பத்திரங்கள் 4ஆம் புத்தகத்தில் வரும். இங்கே ஒரு முள் இருக்கிறது. அதன் நகலைப் பத்திரம் எழுதியவர், அதன் கீழ் உரிமை உள்ளவர், அவர்களின் பிரதிநிதி இவர்களுக்குத்தான் தருவார்கள். வழித்தோன்றல் என்று காட்டும் சான்று ஏதாவது கையில் இருக்கட்டும். பத்து ரூபாய்க் கடனுக்குப் படியாளாகப் போனவர்களில் பெரும்பாலோர் பதிவு அலுவலகப் படியேறவே இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். நான் 4ஆம் புத்தகத்தில் எதையும் கண்டதில்லை. என்னிடம் வந்த ஒரே ஒருவருக்குக் கிடைத்தது.

அதைவிடப் பலன் தருவது பழைய கணக்குப்பிள்ளை வீடு. பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபோது எல்லாக் கணக்கும் தாலுகாவுக்குப் போய்விடவில்லை. பரணில், நெற்குதிரின் மேல், பூஜை அறையில் இன்னும் கட்டுகள் இருக்கின்றன. பெரிய வீட்டின் சொந்த நாள்வழிக் கணக்கும் அப்படியே.

கேட்கும் விதம்தான் இங்கே எல்லாம். பெரிய வீட்டு வாசலில் போய், “எங்கள் ஆயாவை அடிமையாக வைத்திருந்தீர்களே, கணக்கைக் காட்டுங்கள்” என்றால் கதவு சாத்தப்படும். ஊரில் சாதிச் சச்சரவு நடந்துகொண்டிருக்கும் சமயமென்றால் அதைவிட மோசமாகவும் முடியலாம். ஊரில் இருக்கும் உங்கள் உறவினர்கள்தான் அதன் விளைவை அனுபவிப்பார்கள், நீங்கள் அல்ல. அவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

நான் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரோடு போனேன். இரு தரப்புக்கும் பாடம் நடத்தியவர். “பஞ்ச காலத்துக் கணக்கு இருந்தால் பார்க்கலாமா ஐயா, தானிய விலை எழுத வேண்டும்” என்று கேட்டோம். பொய் இல்லை, தானிய விலையையும் எழுதினேன். கணக்கில் தாது வருஷம் மாசி மாதம் பற்றுப் பக்கத்தில் களத்தின் பெயர், ஒரு படியாளின் பெயர், ‘அவன் பெண்டு பிள்ளை வகைக்குக் கேழ்வரகு மரக்கால் 2’. எங்கள் வீட்டில் அத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்ததும் இரண்டு மரக்கால் கேழ்வரகுதான்.

6. திருச்சபைப் பதிவேடுகளைப் பாருங்கள், நீங்கள் கிறிஸ்தவர் இல்லாவிட்டாலும்

‘நாங்கள் அந்த மதம் இல்லை’ என்று இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பஞ்ச காலத்தில் ஞானஸ்நானம் பெற்று, பிறகு பழைய கோயிலுக்கே திரும்பிய குடும்பங்கள் உண்டு. பதிவு மட்டும் அங்கே தங்கிவிட்டது. ஏழைப் பெண்ணின் பெயரையும் பெற்றோர் பெயரையும் ஊரையும் ஒரே வரியில் எழுதிய ஆவணம் அந்தக் காலத்தில் வேறு எது?

அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கியது. அதன் சபைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் வேலூர்ப் பேராயத்தில் இருக்கின்றன. கத்தோலிக்கப் பக்கம், சேத்துப்பட்டை மையமாக வைத்துப் பிரெஞ்சுக் குருக்கள் பணியாற்றினார்கள். எந்தச் சபை எந்த ஊர்களைக் கவனித்தது என்று முதலில் கேட்டுவிட்டு அந்தப் பங்கின் (கோயில் வட்டத்தின்) பதிவேட்டைக் கேளுங்கள். வேலூரில் தலைமை இருப்பதால் எல்லாம் வேலூரில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கத்தோலிக்கப் பதிவுகள் லத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம், இருபது சொற்கள் தெரிந்தால் போதும். ஊர்ப்பெயர்கள் பிரெஞ்சுக் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். வாய்விட்டுப் படியுங்கள், கண்ணால் படித்தால் பிடிபடாது. பெயர் மாறியிருக்கும். குப்பம்மாள் மரியம்மாள் ஆகியிருப்பாள், சாராள் ஆகியிருப்பாள். ஆகவே பெயரைத் தேடாமல் ஊரையும் தகப்பன் பெயரையும் தேடுங்கள். ஞானப்பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்; பல சமயம் அவர்கள் அதே களத்து ஆட்கள்.

7. இப்போது எழும்பூர்

சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு இந்த நிலையில்தான் போக வேண்டும்: கையில் ஆண்டு, பழைய தாலுகா, ஊர், பெரிய வீட்டின் பெயர். அடையாள அட்டையும் ஆய்வின் நோக்கத்தைச் சொல்லும் கடிதமும் கொண்டு போங்கள். நகல் எடுக்கும் விதிகளை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

1843க்கு முந்தைய பெண்ணுக்கு மூன்று இடங்கள். வட ஆற்காடு மாவட்டப் பதிவுகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், நீதித் துறை ஆலோசனைக் கட்டுகள். 1819இல் வருவாய் வாரியம் அடிமைமுறை பற்றி ஆட்சியர்களிடம் விவரம் கேட்டது. அந்தக் கடிதப் போக்குவரத்தில் உங்கள் ஆயாவின் பெயர் வராது. ஆனால் உங்கள் தாலுகாவில் எந்தச் சொல் புழங்கியது என்பது தெரியும். அட்டவணையில் எந்தச் சொல்லைத் தேடுவது என்று அதன்பிறகு தடுமாற வேண்டியதில்லை. விலை வராகனில் இருந்தால் நீங்கள் பெரும்பாலும் 1818க்கு முன்னால் நிற்கிறீர்கள். ரூபாயே கணக்குக்கு அடிப்படை ஆனது அப்போதுதான்.

அட்டவணை எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஒருமுறை நான் மூன்று நாள் காத்திருந்து வாங்கிய கட்டு வேறு மாவட்டத்தின் உப்புக் கணக்காக இருந்தது. எண்ணைத் தவறாக எழுதியது யார் என்று இன்னும் தெரியவில்லை, நானாகவும் இருக்கலாம். கட்டு எண், தேதி, பக்கம் மூன்றையும் பார்த்த உடனே எழுதுங்கள்.

வேலூர் நகரத்துக் குடும்பங்களுக்கு ஒரு கிளைவழி. ‘கோட்டைக்குள் இருந்தவள்’ என்ற பேச்சு இருந்தால், 1799க்குப் பின் திப்பு சுல்தானின் குடும்பம் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். அந்தப்புரத்தோடு பணிப்பெண்கள் பெருந்தொகையாக வந்தார்கள். 1806 சிப்பாய்க் கலகத்துக்குப் பின் இளவரசர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கொடுத்த படித்தொகைக் கடிதங்களில் இந்தக் குடும்பத்தைத் தேட வேண்டும். நிலக் கணக்கில் தேடிப் பயனில்லை.

8. கடல் கடந்திருந்தால்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்து ஏற்றிச் சென்றவர்கள் அடிமைகள். 1834க்குப் பின் மொரீசியசுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும், 1903 முதல் சென்னை வழியாக பிஜிக்கும் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். பட்ட துன்பத்தில் ஒற்றுமை இருக்கலாம், காகிதத்தில் இல்லை. அடிமையின் பெயரோடு ஒட்டியிருக்கும் இடப்பெயர் பெரும்பாலும் கப்பலேறிய கரையைத்தான் சொல்லும், பிறந்த ஊரைச் சொல்லாது. ஒப்பந்தக் கூலிக்குக் கிராமம் வரை எழுதினார்கள்.

நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் எல்லாம் இருக்கும். பட்டியல் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பெயர்த்தெழுதிய வடிவமும் கிடைக்கிறது. மொரீசியசில் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகளும், 1860களுக்குப் பிந்தைய பலரின் புகைப்படங்களும் உள்ளன. ஆள் சேர்க்கும் கங்காணி வழியாகக் கண்டிச்சீமைக்கு (இலங்கைத் தோட்டங்களுக்கு) போனவர்களுக்கு இப்படி ஆள்வாரிப் பட்டியலை எதிர்பார்க்க வேண்டாம்.

இங்கேயும் பெயரால் தொடங்காதீர்கள். குப்பம்மாள் ‘கூப்பமா’ ஆகியிருப்பாள், பச்சையம்மாள் ‘பாச்சியம்மா’ ஆகியிருப்பாள். ஜில்லா வட ஆற்காடு என்று வடிகட்டி, தாலுகாவால் வடிகட்டி, மிஞ்சுவதை வரிவரியாகப் படியுங்கள். அவள் எண்ணுக்கு முன்னும் பின்னும் பத்து எண்களைப் பாருங்கள். குடும்பமாகவும் ஊராராகவும் சேர்ந்து பதிந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண் விழும். தனியாகப் போனதாக எழுதப்பட்ட பெண்ணின் அடுத்த எண்ணில் அவள் தங்கை இருந்ததை நான் பார்த்தேன். தந்தை பெயரும் ஊரும் ஒன்று, எழுத்து மட்டும் வேறு.

‘கணவன்’ என்று எழுதியிருப்பதை உடனே நம்பாதீர்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கை நிரப்ப வேண்டியிருந்ததால், கப்பலேறும் முன் தங்கவைக்கும் டிப்போவிலேயே இணைந்த ஜோடிகள் உண்டு. தந்தை பெயரே உங்களை ஊருக்குத் திரும்பக் கொண்டுவரும். சாதிப் பத்தியிலும் எச்சரிக்கை தேவை. முகவர் காதில் விழுந்ததை எழுதினார், போனவரும் வேண்டியதைச் சொன்னார்.

நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்த பின்னும் தொடருங்கள். 1895ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒப்பந்தம் முடித்து அங்கேயே தங்கியவர்கள் மீது மூன்று பவுண்டு வரி வந்தது. பெண்களும் கட்ட வேண்டியிருந்தது. கட்ட முடியாதவர்கள் மீது நடவடிக்கை, மனு, விசாரணை என்று காகிதம் பெருகியது. அவள் தன் வாயால் சொன்னதாக ஏதாவது எழுதப்பட்டிருந்தால் அது இப்படிப்பட்ட மனுக்களில்தான் இருக்கும்.

9. பொருத்திப் பார்த்தல்

நான்கில் மூன்று பொருந்தாமல் ‘இவள்தான்’ என்று எழுதாதீர்கள்: காலம், ஊர், பெரிய வீடு அல்லது களம், தந்தை அல்லது கணவன் பெயர். அவளுடைய சொந்தப் பெயரை இந்த நான்கில் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது பொருந்தினால் மகிழ்ச்சி, பொருந்தாவிட்டால் ஆச்சரியமில்லை.

மரபணுச் சோதனை பற்றிக் கேட்கிறார்கள். தாய்வழி மரபணு தாயிடமிருந்தே வருவதால் இந்தத் தேடலுக்கு ஓரளவு உதவும். ஆனால் அது உறவைக் காட்டும், ஊரைக் காட்டாது. கடல் கடந்தவர்களின் வழித்தோன்றல்கள் உங்களைக் கண்டுபிடிக்க அது ஒரு கதவு. அவ்வளவே.

10. எழுதி வைத்தல்

ஒவ்வொரு வரிக்கும் எதிரே எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: காகிதம், வாய்மொழி, ஊகம். மூன்றையும் வெவ்வேறு நிறத்தில் எழுதினால் இன்னும் நல்லது. ஊகத்தைப் பென்சிலில் வையுங்கள். நோட்டு கைமாறும்போது ஊகம்தான் முதலில் உண்மையாக மாறிவிடும்.

காகிதம் ஒன்றும் ஆயா சொன்னது வேறொன்றுமாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை அடிக்காதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் பெரிய வீட்டின் பெயரையும் வெளியில் கொடுக்கும் பிரதியில் விட்டுவிடுங்கள்.

சேத்துப்பட்டுப் பக்கத்துப் பங்கு ஒன்றின் 1878ஆம் ஆண்டுப் பதிவேட்டில் குப்பம்மாளைக் கடைசியில் கண்டுபிடித்தேன், வேறு பெயரில். வயது எட்டு. தகப்பன் பெயர் அந்தக் கேழ்வரகுப் பற்றில் இருந்த அதே படியாளின் பெயர். ஊர் சரி, களம் சரி. தாயின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. என் நோட்டிலும் அந்த இடத்தில் கோடுதான் போட்டிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் பதிவேட்டின் பக்க எண்.